நாற்காலிக்குப் பார்த்த கார்

கார் வாங்குவதென்று எங்கள் வீட்டில் முடிவான நாளிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கவலையால் இல்லை, சந்தோஷத்தால். வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து மாட்டுவது என் தொழில். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கை தானாக இடுப்பிலிருக்கும் டேப்பைத் தேடும். சாப்பிடக் கூப்பிட்ட இடத்தில் அவர்கள் ஜன்னலை அளந்து திட்டு வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, நம் குடும்பம் மொத்தமும் அடங்குகிற மாதிரி ஒரு வண்டி பார் என்று சொன்னால், எனக்குத் தலைகால் புரியாமல் போனதில் என்ன தப்பு?

அவசரத்துக்குக் காரணம் என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் அக்கா, எங்களோடுதான் இருக்கிறார். முன்பு ஒரு ரொட்டிக் கம்பெனியின் வேனை ஊரெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் கம்பெனிக் கிடங்கின் படியில் தவறி விழுந்தார். முதுகெலும்பில் அடி. அதிலிருந்து இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது, சக்கர நாற்காலிதான். இப்போது அவருக்கு ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை கிடைத்திருந்தது. பெரிய கூட்டமே போட்டி போட்டதில் குரலைக் கேட்ட மாத்திரத்தில் இவரைத்தான் எடுத்தார்களாம். அதில் எங்களுக்கு ஆச்சரியமே இல்லை. அவர் கூடத்திலிருந்து "அடுப்பை அணைச்சாச்சா?" என்று கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி எழுந்துபோய் அணைப்பாள்.

வேலை அடுத்த மாதம் பிறந்ததும் தொடங்கும். ஆனால் காலை ஷிப்ட். விடிந்தும் விடியாததுமாக அங்கே இருக்க வேண்டும். நாற்காலியோடு ஏறக்கூடிய பஸ் அந்த நேரத்துக்குக் கிடையாது. டாக்ஸிக்காரர்களோ நாற்காலியைப் பார்த்ததும் வேறு சவாரி ஞாபகம் வந்து கிளம்பிவிடுவார்கள்.

"மாசம் பொறக்கறதுக்குள்ள ஒரு கார் அமைஞ்சா போறேன். அமையலன்னா வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார் நாத்தனார். சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். விழுந்ததிலிருந்து வாராவாரம் சிகிச்சை மையத்துக்குப் போய் வருவதையும் அந்த ஜன்னலையும் விட்டால் அவருக்கு வேறு வெளியுலகம் இருந்ததில்லை. அந்த வேலை அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று திரும்பிய அந்த முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் காரை நான் கண்டுபிடிக்காவிட்டால் என் டேப்பைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான் என்று அன்றைக்கே மனதுக்குள் சபதம் போட்டேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. பீரோவோ பியானோவோ கல் மேசையோ, சுவரில் ஒரு கீறல் விழாமல் மூன்றாம் மாடியிலிருந்து இறக்கிவிடுவார். தன் அக்காவையும் அப்படியேதான். முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கு அடியில் ஒரு கை, மூச்சை ஒரு இழுப்பு, அவ்வளவுதான், ஆள் வேறு இடத்தில் இருப்பார். நல்ல மனுஷர். தூக்கக்கூடிய எதையும் தூக்காமல் விட்டுவைக்க அவருக்குத் தெரியாது.

புதுக் காருக்கு எங்கள் கையில் வழியில்லை, அதனால் பழையதுதான் என்று முதலிலேயே தெளிவாகிவிட்டது. எங்கள் தெருவில் நீள வண்டியை நிறுத்தவும் முடியாது. ஐரோப்பிய ஹேட்ச்பேக் என்று சொன்னவள் நான்தான். வெளியே பார்த்தால் கையடக்கம், உள்ளே பார்த்தால் அரண்மனை. பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும், பின்சீட்டை மடித்தால் ஒரு அலமாரியையே படுக்க வைக்கலாம். "ஐரோப்பாக் காரா? ஒரு ஸ்பேர் பார்ட்டுக்கு ஒரு மாசம் காத்திருக்கணும்" என்று என் வீட்டுக்காரரின் கம்பெனியில் ஆளுக்கொரு பக்கம் பயமுறுத்தினார்கள். இவரும் அதைக் கேட்டுவிட்டு வந்து வீட்டில் முனகுவார். "அவங்கள்ல எத்தனை பேர் கிட்ட கார் இருக்கு?" என்று கேட்டேன். அதோடு முனகல் நின்றது.

சனிக்கிழமைதோறும் கிளம்பினோம். நான், அவர், எங்கள் மகள் வாண்டு. கூடவே நாத்தனாரின் சக்கர நாற்காலி. காரில் நாற்காலி அடங்கினால்தானே மற்றதெல்லாம்? அதனால் நாத்தனாரைச் சோபாவில் வசதியாக உட்கார வைத்து, தண்ணீர், போன், டிவி ரிமோட், கொறிக்க ஏதாவது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, நாற்காலியை என் வீட்டுக்காரர் தோளில் போட்டுக்கொள்வார். பழைய கார் விற்கிற இடங்களில் நாங்கள் நுழைந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். காலியான ஒரு சக்கர நாற்காலியைச் சுமந்துகொண்டு ஒரு குடும்பம் கார் பார்க்க வருவதை அவர்கள் எங்கே பார்த்திருக்கப் போகிறார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் சிலிர்க்கிறது. எத்தனை கதவுகளைத் திறந்து மூடினோம்! வேலையை நாங்கள் பிரித்துக்கொண்டோம். அவர் டயரையும் அடிப்பக்கத்துத் துருவையும் பார்ப்பார். நான் கதவுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவிலிருக்கும் சந்தை அளப்பேன். இரண்டு பக்கமும் ஒரே சந்து என்றால் எங்கும் மோதாத வண்டி, ஒன்று அகலம் ஒன்று குறுகல் என்றால் யாரோ தட்டி எடுத்து வண்ணம் பூசியிருக்கிறார்கள். அலமாரிக் கதவுக்கும் அதே நியாயம்தான். வாண்டுவின் வேலை மோப்பம். தரைவிரிப்பைத் தூக்கி மூக்கை வைத்து, "அம்மா, ஈரத்துணி வாசனை" என்பாள். அழகான ஒரு சிவப்பு வண்டியை அவள்தான் கழித்துக்கட்டினாள். விரிப்புக்கு அடியில் குளமே இருந்தது. விற்கிறவர் அசடு வழிந்தார்.

ஒரு பெரிய காலி மனையில் நிறைய வண்டிகளை நிறுத்தி விற்றுக்கொண்டிருந்தார் ஒருவர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாதவர் என்பதால் நாங்கள் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர் வைத்தோம். அவரிடம் முதலில் பார்த்தது கடுகு நிறத்தில், உயரமாக, மூக்கு இல்லாத ஒரு பிரெஞ்சு வண்டி. ரொட்டி டப்பாவுக்குச் சக்கரம் வைத்தது போலிருந்தது. அதற்கு டிக்கி குட்டை. நாற்காலியை உள்ளே வைத்தால் கதவு மூடவில்லை. போதாததற்கு அது ஆட்டோமேட்டிக். "கியர் போடாத வண்டி ஒரு வண்டியா?" என்று என் வீட்டுக்காரர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாண்டு அதற்கு 'மொக்கை மூக்கி' என்று பெயர் வைத்தாள். சிரித்துக்கொண்டே தாண்டிப் போனோம்.

அடுத்த வரிசையில் நின்றது அது. சாம்பல் நிற ஜெர்மன் வண்டி. கதவுச் சந்தெல்லாம் ஒரே அளவு. விரிப்பில் வாசனை இல்லை. ஸ்டார்ட் செய்தால் சத்தமில்லாமல் ஓடுகிறது. என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தூக்கி டிக்கியில் வைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்கதவை இறக்கினேன். மெத்தென்று மூடிக்கொண்டது. மேலே ஒரு விரல் இடம் மிச்சம். பின்சீட்டில் வாண்டுவுக்கும் எனக்கும் இடம், என் கருவிப்பெட்டிக்கும் இடம், முன்னால் அவரும் அக்காவும். நடுத்தெருவில் நின்று ஆடாத குறை. திங்கட்கிழமை முன்பணம் கொடுத்துவிடுகிறோம், வேறு யாருக்கும் காட்டாதீர்கள் என்று கோட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் பறந்தோம்.

"அண்ணி, கிடைச்சாச்சு" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தேன்.

நாத்தனார் சோபாவில் நாங்கள் உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். வேறெங்கே போவார்? டிவி அணைந்திருந்தது.

"கொரியர்காரன் வந்தான். ஸ்டேஷன்லேர்ந்து யூனிஃபார்ம் அனுப்பியிருந்தாங்க. நானே கையெழுத்துப் போட்டு வாங்கணுமாம்" என்றார்.

"எங்க இருக்கு, காட்டுங்க."

"திரும்பிப் போயிடுச்சு. கொஞ்சம் இருங்கன்னு இங்கேர்ந்து குரல் குடுத்தேன். என் குரல் கேக்காமலா இருக்கும்? அவனும் பாவம், நின்னான். எவ்வளவு நேரம்தான் நிப்பான்? கதவுக்குப் போக எனக்கு நாற்காலி வேணும்ல. அதை நீங்க கார் பாக்கக் கூட்டிட்டுப் போயிட்டீங்க."

 என் வீட்டுக்காரர் தோளில் இருந்த நாற்காலியை இறக்கக்கூட மறந்து பேந்தப் பேந்த விழித்தார்.

"நானும் எத்தனை வாரமா பாக்கறேன். வர்றீங்க, நாற்காலி நல்லா உக்காந்துச்சு, நாற்காலி சரியா பொருந்திச்சுங்கறீங்க. நாற்காலிக்கு ஸ்டேஷன்ல வேலை கிடைக்கல. எனக்குத்தான் கிடைச்சிருக்கு" என்றார் நாத்தனார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. "நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. முன்பணம் அப்புறம்."

மறுநாள் என் வீட்டுக்காரரின் கம்பெனி வேனை இரவல் வாங்கிக்கொண்டு எல்லோருமாகப் போனோம். நான் வழி நெடுக அந்தச் சாம்பல் வண்டியின் புகழ் பாடிக்கொண்டே வந்தேன். பார்த்தால் அண்ணிக்கும் பிடித்துவிடும், பிடிக்காமல் போக அதில் ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொன்னேன். போய் இறங்கியதும் என் வீட்டுக்காரர் வழக்கம்போல முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கு ஒரு கை கொடுத்து, அக்காவைத் தூக்கி முன்சீட்டில் வைத்தார். எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள்.

"எப்பிடி இருக்கு?" என்றார் பெருமையாக.

"இறக்கு" என்றார் நாத்தனார்.

"ஏன்க்கா, சீட் சரியில்லையா?"

"சீட்டைப் பத்தி எனக்கு என்ன தெரியும், நீதானே வச்சே. இறக்கி நாற்காலியில விடு. நானே ஏறிப் பாக்கறேன்."

அவர் இறக்கினார். நாத்தனார் நாற்காலியைக் கதவருகே ஒட்டி நிறுத்தி, கைப்பிடியையும் சீட்டையும் பிடித்து உடம்பை எழுப்பினார். அவருடைய கைகளில் நல்ல பலம் உண்டு, ஆனாலும் முடியவில்லை. சீட் பள்ளத்தில் இருந்தது. ஓரமோ வரப்பு கட்டியதுபோல் எழும்பி இருந்தது. அந்த ஓரத்தைத் தாண்டி உள்ளே விழுந்துவிடலாம், திரும்ப ஏறி வர முடியாது. மூன்றாம் தடவை முயன்றபோது மூச்சு வாங்கியது. நான் அளக்காத அளவு அது ஒன்றுதான். டிக்கியின் நீளம், அகலம், உயரம், கதவுச் சந்து, தலைக்கு மேல் இடைவெளி எல்லாம் விரல் நுனியில் இருந்தது. நாற்காலியின் உட்காரும் பலகையும் காரின் சீட்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று டேப்பை வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் அவர் ஏறுவார் என்றே நான் நினைத்திருக்கவில்லை. ஏற்றப்படுவார் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. என்னை நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான்தான் இருக்கேனேக்கா. தினமும் நான் ஏத்தி, நான் கொண்டு விட்டு, நான் இறக்கி வச்சுட்டு வேலைக்குப் போறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"உனக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தா ஊர்ல ரயிலெல்லாம் எந்தப் பிளாட்பாரத்துக்கு வரும்?"

 நாத்தனார் நாற்காலியைத் திருப்பி வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவே தானே உருட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு கதவருகிலும் நிற்பார், சீட்டின் மட்டத்தைக் கண்ணாலேயே பார்ப்பார், நகர்ந்துவிடுவார். நாங்கள் மூவரும் கோட்டுக்காரரும் பின்னால் போனோம். மொக்கை மூக்கியிடம் வந்ததும் நின்றார். கதவைத் திறந்தார். அது அகலமாக, கிட்டத்தட்ட வண்டிக்கு நேர்குத்தாகத் திறந்தது. சீட் உயரமாக, தட்டையாக இருந்தது. நாற்காலியிலிருந்து ஒரு வீசலில் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் தொடவில்லை.

வாண்டு கை தட்டினாள். கோட்டுக்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார்.

"மேடம், நீங்க உக்காந்திருக்கறது டிரைவர் சீட். பயணிக்கு அந்தப் பக்கம்."

"தெரியும்" என்றார் நாத்தனார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்திருந்தார். "டேய் தம்பி, உனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுத்தது யாரு?"

"நீதான்க்கா. ஆனா அப்போ..."

"சிகிச்சை மையத்துக்கு வாராவாரம் கூட்டிட்டுப் போனியே, நான் உள்ள என்ன பண்ணிட்டு இருந்தேன்னு நினைச்சே?"

"எக்சர்சைஸ்."

"அதுவும் பண்ணினேன். மிச்ச நேரத்துல அவங்க வண்டியில ஓட்டிப் பழகினேன். கையாலயே ஓட்டற வண்டி. டெஸ்ட் குடுத்து லைசென்ஸும் வாங்கிட்டேன். நீ வெளியில காபி குடிச்சுட்டு இருந்தே."

ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு தண்டு மாட்டுவார்களாம். முன்னால் தள்ளினால் பிரேக், தன் பக்கம் இழுத்தால் வேகம். கிளட்ச் இல்லாத வண்டியாக இருந்தால் ஒரு நாளில் பொருத்திவிடலாம். நேற்றுச் சோபாவில் உட்கார்ந்தபடியே அதைப் பொருத்துகிற பட்டறைக்குப் போன் போட்டு எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். ஆட்டோமேட்டிக் என்று நாங்கள் சிரித்துத் தள்ளிய அதே வண்டிதான் அவருக்கு வேண்டியிருந்தது.

"ஏன் அண்ணி, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"கார் இல்லாத வீட்ல லைசென்ஸைக் காட்டி என்ன பண்ண? கார் வாங்கறதுன்னு ஆனப்புறம் சொல்லலாம்னுதான் பாத்தேன். நான் வாயைத் திறக்கறப்போ எல்லாம் நீ டிக்கி எத்தனை அங்குலம்னு சொல்லிட்டு இருந்தே."

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. பயந்தால் அவருக்குக் கோபம்தான் வரும். "அதெல்லாம் முடியாதுக்கா. நடு ரோட்ல ஒண்ணுன்னா யாரு இருக்கா? சரி, ஓட்டறேன்னே வச்சுக்கோ. ஸ்டேஷன்ல போய் நிறுத்திட்டே. நாற்காலி டிக்கியில இருக்கு. அதை யாரு எடுத்துத் தருவா? சொல்லு."

நியாயமான கேள்விதான்.  டிக்கி பின்னால் இருக்கிறது, நாத்தனார் முன்னால் இருக்கிறார். அவ்வளவு நாள் நான் டிக்கியோடு கட்டிப்புரண்டதற்கு அர்த்தமே இல்லை என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. நாற்காலி டிக்கிக்குப் போகவே கூடாது.

"நாற்காலியை டிக்கியில வைக்கறவன் நீ. நான் எதுக்கு வைக்கறேன்?" என்று நாத்தனார் நாற்காலிச் சக்கரத்தின் நடுவிலிருந்த பட்டனை அழுத்தினார். சக்கரம் கையோடு கழன்று வந்தது. என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். இத்தனை வருடமாக அந்த நாற்காலியை முழுசாகவே தூக்கிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பட்டன் எதற்கென்றே தெரியாது. இரண்டு சக்கரமும் பின்சீட்டுக்குப் போயின. முதுகுப்பக்கத்தை மடித்ததும் மிச்சம் வெறும் சட்டம்தான். அதைத் தன் மடிக்கு மேலாக இழுத்துப் பக்கத்து சீட்டில் போட வேண்டும். இழுத்தார். ஸ்டியரிங்கில் இடித்து நின்றது.

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். நான் அந்தக் கையில் ஓங்கி ஒன்று போட்டேன்.

"விடுங்க. அளந்து சொல்றேன்."

டேப்பை உருவினேன்.  சட்டத்தின் அகலம், ஸ்டியரிங்குக்கும் சீட்டின் முதுகுக்கும் நடுவே உள்ள இடம். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, முதுகைக் கொஞ்சம் சாய்த்து, ஸ்டியரிங்கை மேலே ஏற்றினால் போகும். சரியாகப் போகும். "அண்ணி, கைப்பிடி மேல பாத்து இருக்கணும், சக்கர அச்சு உங்க பக்கம். அப்போ ஒரு விரல் மிஞ்சும்" என்றேன்.  நாத்தனார் சட்டத்தைத் திருப்பினார். வயிற்றுக்கு மேலே, மார்புக்கு முன்னே, ஸ்டியரிங்கை உரசாமல் அது கடந்து பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்தது. கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்தார். நானும் வாண்டுவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு குதித்தோம். கோட்டுக்காரர்கூட முதல் தடவையாகக் கோட்டைக் கழற்றினார்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தண்டு இன்னும் மாட்டாததால், நாத்தனார் பக்கத்து சீட்டுக்கு மாறிக்கொள்ள, வண்டியைச் சோதித்துப் பார்க்க அவர்தான் ஓட்ட வேண்டியிருந்தது. இல்லாத கிளட்சைத் தேடி இடது கால் பிரேக்கை மிதிக்க, நாங்கள் எல்லோரும் முன்னால் போய் விழுந்தோம். "நான் நாலாம் தடவை சொல்லிக் குடுத்ததுலயே இதைவிட நல்லா ஓட்டினியேடா" என்றார் நாத்தனார். அப்போதும் அவர் சிரிக்கவில்லை. என்ஜின் சத்தம், துரு, டயர், எதிலாவது ஒரு குறை கிடைக்காதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அக்காவின் முகத்தைப் பார்த்தார். "உனக்குப் பிடிச்சிருக்காக்கா?" என்றார். "ரொம்ப" என்றார் அவர். அன்றைக்கே முன்பணம் கொடுத்தோம்.

பட்டறையில் தண்டு மாட்டினார்கள். மாலை வேளைகளில் நாத்தனார் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் ஓட்டிப் பழகினார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் காலிரண்டும் வலிக்கிறது என்பார். யூனிஃபார்ம் மறுபடி வந்தது. இந்தத் தடவை நாத்தனாரே கதவைத் திறந்து கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

மாதம் பிறந்தது. வெளிச்சம் வருவதற்கு முன்பே வீடு முழுக்க விழித்துவிட்டது. முதல் நாளாயிற்றே, எல்லோருமாகப் போய் விட்டுவிட்டு வரலாம் என்று நாங்கள் மூவரும் குளித்து உடுத்தி வாசலில் நின்றோம். என் வீட்டுக்காரர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்தார். நாத்தனார் ஏறி உட்கார்ந்து, சக்கரங்களைப் பின்னால் வைத்து, சட்டத்தை இழுத்துப் பக்கத்து சீட்டில் போட்டார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"உன்னை விட்டுட்டு வரத்தான்" என்றார் அவர்.

"வண்டி எனக்கு அங்க வேணும், திரும்பி வரதுக்கு. நீங்க எதுல வருவீங்க?"

 குடும்பத்துக்கென்று அவ்வளவு தேடி வாங்கிய காரில் குடும்பத்துக்கு இடமில்லை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நான் மட்டும் வரேன்க்கா. பின்னாடி சக்கரத்தோட சக்கரமா உக்காந்துக்கறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"வேலைக்குத் தம்பியைக் கூட்டிட்டு யாராவது போவாங்களாடா?" என்று நாத்தனார் அவர் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கண்ணாடியை ஏற்றினார். கடுகு நிற வண்டி மெல்ல நகர்ந்து, முனையில் விளக்கைச் சிமிட்டி, நிதானமாகத் திரும்பியது.  என் வாழ்க்கையில் நான் மாட்டிய எந்த அலமாரிக்கும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கிளம்பியது கிளம்பியாயிற்று என்று நாங்கள் ஸ்டேஷனுக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தோம். ஏறி உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் போனை எடுத்தார். அடித்து நின்றது. மறுபடி போட்டார். அதுவும் அடித்து நின்றது. மூன்றாவது தடவை அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எடுக்க மாட்டேங்கறா."

"வண்டி ஓட்டிட்டு இருக்கும்போது எப்பிடிங்க எடுப்பாங்க?" என்றேன்.

அவர் போனைக் காதிலிருந்து இறக்கினார். என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"ஆமால்ல" என்றார். "ஓட்டிட்டு இருக்கா."

பஸ் கிளம்பியது.  என் வீட்டுக்காரர் முன்சீட்டில் தூங்கி வழிந்துகொண்டிருந்த, யாரென்றே தெரியாத ஒரு மனிதரின் தோளைத் தொட்டு எழுப்பினார்.

"எங்க அக்காவுக்குப் போன் பண்ணினேன் சார். எடுக்கல. கார் ஓட்டிட்டு இருக்காங்க" என்றார்.